மதாமின் சாக்லேட் பானை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். சின்ன லகரம் எங்கே வரும், பெரிய ளகரம் எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடையில் மூட்டை மேல் சரக்கின் பெயர் எழுதுவதைத் தவிர நான் எதையும் எழுதினது கிடையாது. பேச்சும் எனக்குக் குறைவு. ஆனால் இன்று பக்கத்தில் பானை சூடாகிக்கொண்டிருக்கிறது. அது ஆகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, விட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மதாமைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

மதாம் என்பது அவருடைய பெயர் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் வீட்டு அம்மாக்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை, வாயால் சொன்னதும் கிடையாது.

முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு குளியலறையும் உண்டு. அதில் நான் குடியிருக்கிறேன். பெரிய மார்க்கெட்டில் வேர்க்கடலை, முந்திரி விற்கும் கடையில் எனக்கு வேலை. மதாமின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நான் குடிவருவதற்கு முன்பே இறந்துபோனார். ஒரே மகள், கல்யாணமாகி பிரான்சில் இருந்தாள். முன் வீட்டில் மதாம் தனியாக இருந்தார். அப்போது அவருக்கு அறுபது வயது இருக்கும். நைட்டி, தோளில் ஒரு பூந்துவாலை, காதில் சின்னத் தோடு. தெருவில் இறங்கினால் மட்டும் புடவை.

எதையும் நேரத்துக்கு முன்னால் திறக்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சோற்றுப் பானையை நடுவில் திறந்து பார்க்க மாட்டார். தபாலில் பார்சல் வந்தால் அலமாரி மேல் வைத்துவிடுவார். பிறந்தநாளுக்கு வந்தது பிறந்தநாளில்தான் பிரியும். அது பிஸ்கட்டாக இருந்து எறும்பு மொய்த்தாலும் சரி. கதவைத் தட்டினால் உள்ளே இருந்தே, “யாரு? என்னா வேணும்?” என்று கேட்டு, பதில் முழுக்க வந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார். எனக்கு வெளியே நின்று பேசக் கூச்சம். அதனால் முதல் வருடம் பாதி நாள் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

அவர் கணவருடைய இரும்புப் பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. கணவர் இறந்ததிலிருந்து மதாம் அதைத் திறக்கவில்லை. ஒருநாள் அறையைக் கழுவ வேண்டும், பெட்டியை நகர்த்திக்கொடு என்று கூப்பிட்டார். இழுத்தேன். துருவேறிய அடித்தகடு தரையோடு தங்கிவிட்டது. பெட்டி மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மண்ணாகக் கொட்டிற்று. பித்தளைப் பொத்தான்கள் மட்டும் உருண்டன. மதாம் குனிந்து பார்த்தார்.

“நான் திறக்கல. கரையான் திறந்துடுச்சு,” என்றார். பிறகு துடைப்பம் எடுத்துவந்து கூட்டினார். பொத்தான்களைக் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்துக்கு ஒரு மூடி தேடினார்.

பானை மகள் கொண்டுவந்தது. கறியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய் வரலாம், தானாக வெந்திருக்கும் என்று சொல்லிக் கொடுத்தாளாம். வெளியே தகர உடம்பு, உள்ளே கறுப்புப் பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. மின்சாரத்தில் ஓடும். ஆனால் அடுப்பு மாதிரி சுடாது. உள்ளங்கையை வெளிப்பக்கம் வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், வாய் சும்மா இருக்காது.

“கறி வேக அரை நாளா? குக்கர்ல நாலு விசில் வுட்டா வேலை முடிஞ்சுது. இதுல வெச்சா, ஆடு மறுபடி பொறந்து வளந்துடும் மதாம்.”

“கறிக்கு யாரு வெச்சா?” என்றார் மதாம். “இது நோயலுக்கு.”

நோயல் என்றால் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ். மதாம் அந்தப் பானையில் கறி வைத்ததே இல்லை. வருடத்தில் சில நாள், டிசம்பரில் மட்டும், சாக்லேட் மிட்டாய்க்கு எடுப்பார். செய்வதற்கு அதைவிடச் சுலபமானது எதுவும் கிடையாது. வறுத்துத் தோல் போக்கின வேர்க்கடலையை அடியில் கொட்ட வேண்டும். அதன் மேல் உடைத்த முந்திரி. அதற்கு மேல் பேக்கரிச் சாமான் கடையில் விற்கிற சாக்லேட் பாளத்தை உடைத்து, கறுப்பும் வெள்ளையுமாக அடுக்க வேண்டும். எலுமிச்சை அளவு வெண்ணெய். திருகைக் குறைந்த சூட்டில் வைத்து மூட வேண்டும். அவ்வளவுதான். கடலையும் முந்திரியும் என் கடையிலிருந்து நான் வாங்கிவந்து கொடுப்பேன். மற்றதெல்லாம் அவர்.

மூடுவதில்தான் விஷயம். கண்ணாடி மூடிக்கு உள்பக்கம் வியர்க்கும். அந்த நீர் ஒரு சொட்டு விழுந்தாலும் சாக்லேட் திரிந்து களிமண்ணாகிவிடும். அதனால் சட்டியின் வாயில் காய்ந்த துணி ஒன்றை இழுத்து விரித்து, அதன் மேல் மூடியை வைப்பார். துணி நீரைக் குடித்துக்கொள்ளும். துணியும் மூடியும் இருப்பதால் உள்ளே ஒன்றும் தெரியாது. தெரியாமலே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் போய் முகர்ந்தால்கூட, “தூஸ்மான் தம்பி, தூஸ்மான்,” என்பார். மெதுவாக என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அது ஒன்றுதான்.

ஆனதும் மூடியைச் சாய்க்காமல் நேராக, துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்குவார். பிறகு மரக் கரண்டியால் ஒரே முறை கிளறுவார். வெண்ணெய்த் தாள் விரித்த தட்டில் சின்னச் சின்னக் கும்பலாக வைத்து, மேலே மரக்காணம் கல்லுப்பு இரண்டு மூன்று பரல் தூவுவார். இனிப்பில் உப்பா என்று எதிர்வீட்டு அக்கா முதல் வருடம் முகத்தைச் சுளித்தார். அடுத்த வருடம், “உப்புப் போட்டதா குடு,” என்று கேட்டு வாங்கினார். தெரு முழுக்கத் தட்டு போகும். கோயிலுக்குப் போகிற வீடு, மசூதிக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு, எல்லாவற்றுக்கும். தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து, ஒரு கைக்குட்டையால் கட்டி அனுப்புவார்.

ஒரு வருடம் பானையை வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. மத்தியானம் ஆகியும் வரவில்லை. நான் தயங்கித் தயங்கி, “ஒரு தடவ பாக்கலாமா மதாம்? கேஸ்ல சட்டிய வெச்சு உருக்கிடலாம்,” என்றேன். அது எனக்குப் பெரிய பேச்சு.

“கரண்டு வரட்டும்.”

“வரலன்னா?”

“வரலன்னா வரல.”

கரண்டு சாயங்காலம் வந்தது. அதற்குள் எல்லாம் இறுகிவிட்டது. திரும்பச் சூடு பண்ணவில்லை. சட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். பெரிய வெல்லப் பாளம் மாதிரி ஒரே துண்டாக விழுந்தது. பாதிச் சாக்லேட் உருகியிருந்தது, பாதி உருகவில்லை. கறி வெட்டுகிற கத்தியால் வெட்டித் தட்டில் வைத்தார். எதிர்வீட்டு அக்கா கடித்துப் பார்த்துவிட்டு, “என்னா மதாம், இந்த வருஷம் பல்லு டாக்டர் ஏதாவது கமிஷன் குடுத்தாரா?” என்றார். மதாம் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வாயைத் துவாலையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தத் துவாலை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாறியது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தது, அவர் குடத்தை வலது கையால் மட்டும் தூக்க ஆரம்பித்தபோது. பிறகு குடம் தூக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு துணி உலர்த்த.

ஒருநாள் பின்பக்கம் உட்கார்ந்து இரண்டு பேரும் கடலைத் தோலைத் தேய்த்து ஊதிக்கொண்டிருந்தோம். மதாம் முறத்தைக் கீழே வைத்தார்.

“தம்பி, ஒரு கட்டி இருக்குது,” என்றார். துவாலைக்கு மேலேயே இடது அக்குளுக்குக் கீழே, மார் ஓரமாகக் கையை வைத்துக் காட்டினார். “முன்ன கடலையாட்டம் இருந்துச்சு. இப்ப நெல்லிக்கா இருக்கும்.”

நான் தரையைப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை என்னிடம் அப்படிச் சொன்னது கிடையாது. காது சுட்டது.

“டாக்டர்…” என்றேன்.

“டாக்டருகிட்ட போனா திறப்பான். திறந்தா எதுனா இருக்கும். நோயலுக்குப் பொண்ணு வரா, மூணு வருஷம் கழிச்சு. வந்து, சாப்ட்டு, சிரிச்சுட்டுப் போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம். யாருகிட்டயும் சொல்லாத.”

“சரி மதாம்.”

அப்போது ஆகஸ்ட் மாதம். நோயலுக்கு இன்னும் நாள் கிடந்தது. நான் தினமும் மார்க்கெட்டுக்குப் போகும்போது, அந்தக் கட்டி இன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைப்பேன். எடை போடும்போது கையில் நெல்லிக்காய் அளவுக் கடலையை எடுத்தால் கீழே போட்டுவிடுவேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு முறை, அவர் கதவைத் தாழிடும் நேரத்தில், “கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நம்ம தெருமுனையிலயே பஸ் வருது மதாம்,” என்றேன்.

“வரட்டும். அது தினம் வருதே,” என்றார். தாழ்ப்பாள் விழுந்தது.

மகள் டிசம்பரில் வந்தாள். முப்பதுக்கு மேல் இருக்கும். பேன்ட் போட்டு, வேகமாக நடக்கிற பெண். வந்த அன்றே வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். அலமாரி மேலிருந்த பார்சல்களைப் பிரித்தாள். அவள் போன வருடம் அனுப்பிய ஸ்வெட்டர் பிரிக்காமலே இருந்தது. “ஏன் மமான் இப்படி?” என்று கத்தினாள். மமான் என்றால் அம்மா. மதாம், “இங்க யாருக்குடி குளுருது?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பின்னறைவரை கேட்டது. சரி, இதற்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நோயலுக்கு இரண்டு நாள் முன்னால் பானை வைத்தார். நான் தட்டுகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். மதாம் முகம் கழுவப் போயிருந்தார். மகள் சமையலறைக்குள் வந்தாள். “ஸ்… என்னா வாசனை,” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூடியை எடுத்துவிட்டாள். ஒரு கையால், சாய்த்து. துணி ஒரு பக்கம் சுருண்டு உள்ளே விழுந்தது. மூடியிலிருந்த தண்ணீர் அதன் மேல் வரிசையாகச் சொட்டியது.

மதாம் துவாலையோடு வந்து நின்றார். சட்டிக்குள் பார்த்தார். சாக்லேட் பளபளப்புப் போய், திட்டுத் திட்டாக இறுகிக்கொண்டிருந்தது.

“போச்சு,” என்றார். கோபமே இல்லை. “கரண்டியக் குடு தம்பி. கிளறிப் பாப்போம்.”

சட்டியை இடது கையால் பிடித்து, வலது கையால் கிளறினார். திரிந்த சாக்லேட் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும், பலமாக இழுக்க வேண்டும். சட்டி அவர் பிடியிலிருந்து சுழன்றது. இடது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

“கைக்கு என்னா மமான்?”

“ஒண்ணுமில்ல. மார்க்கெட்டு பை தூக்குனது.”

“பார்க்கலாம், காட்டு.”

“நோயல் ஆகட்டும்.”

மகள் அவரையே பார்த்தாள். பிறகு பின்பக்கம் வந்துவிட்ட என்னைத் தேடி வந்தாள். நான் குழாயடியில் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, மமானுக்கு என்னா? மார்க்கெட் பையெல்லாம் நீங்கதான தூக்கிட்டு வரீங்க?”

சொல்ல மாட்டேன் என்று மதாமிடம் சொல்லியிருந்தேன். பொய் சொல்லவும் வரவில்லை. சும்மா நின்றால் அவளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த நேரத்தில் என் வலது கை, ஈரத்தோடு, தானாகப் போய் என் இடது அக்குளுக்குக் கீழே நின்றது. மதாம் எனக்குக் காட்டிய அதே இடத்தில். மகள் அதைப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த வருடம் தெருவுக்குத் தட்டு போகவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் கோரிமேட்டுக்குப் போனோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டு மூட்டையோடு வராண்டா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மகள் உள்ளே டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மதாம் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் பை. பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

“நீ ஒண்ணும் சொல்லலையே?” என்றார்.

“சொல்லல மதாம்.”

என் வலது கையைப் பார்த்தார். மகள் சொல்லியிருக்க வேண்டும்.

“கையை ஜோபியில வை,” என்றார்.

வைத்தேன். அவர் கோபமாக இருந்தாரா, இல்லையா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், அதற்கு மேலேயும் வைத்தியம் நாள்கணக்கில் இருக்கிறது என்றார்கள். மகள் பிரான்சுக்கே கூட்டிப்போவதாக முடிவு செய்தாள். பொங்கலுக்கு முன்னால் கிளம்பினார்கள். கார் வாசலில் நின்றது. மதாம் முன் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். சாவியையும் பானையையும் என்னிடம் கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா அழுதார். “சீக்கிரம் வந்துடு மதாம். எனக்கு உப்பு மிட்டாய் யாரு குடுப்பா?” என்றார்.

“துணி காஞ்சதா இருக்கணும்,” என்றார் மதாம், என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னார். கார் கதவை அவரேதான் சாத்தினார்.

அடுத்த நோயலுக்குக் கடை போனுக்குக் கூப்பிட்டார். குரல் சன்னமாக இருந்தது.

“இங்க எல்லாத்தையும் திறந்துட்டாங்க தம்பி. சுவரே கண்ணாடி. எதிர்வீட்டுக்காரன் பல்லு விளக்கறது தெரியுது.”

“சரி மதாம்.”

“பானை என்னா பண்ணுது?”

“சும்மா இருக்குது.”

“இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு போன் வந்தால் மகள்தான் பேசுவாள். மமான் தூங்குறாங்க என்பாள். நான் சரிம்மா என்பேன்.

நேற்று கடைக்குப் போன் வந்தது. மகள்தான். “மமான் போயிட்டாங்க அண்ணா,” என்றாள். நான் சரிம்மா என்றேன். அங்கேயே அடக்கம், சனிக்கிழமை என்றாள். அன்றைக்கே இங்கேயும் வீட்டில் ஜெபம் வைக்க வேண்டும், சர்ச்சிலிருந்து ஆட்கள் வருவார்கள், முன் வீட்டைத் திறந்து கொஞ்சம் காற்று விடுங்கள் என்றாள். “அண்ணா, அன்னிக்கு நீங்க…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் என்ன என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு முந்திரி எடை போட்டேன். எடை சரியாகத்தான் இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

இன்று காலை சாவியை எடுத்துக்கொண்டு முன் கதவுக்குப் போனேன். பூட்டில் சாவியை வைத்தேன், திருப்பவில்லை. திரும்பி மார்க்கெட்டுக்குப் போய்ச் சாக்லேட் பாளமும் வெண்ணெயும் வாங்கிவந்தேன். கடலை நேற்றே வறுத்திருந்தது. ஏன் வறுத்தேன் என்று தெரியாது. அவர் செய்கிற மாதிரியே அடுக்கி, துணி விரித்து மூடினேன். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

எதிர்வீட்டு அக்கா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இங்கே வந்தார். கண் வீங்கியிருந்தது.

“என்னா தம்பி, வீட்ட இன்னும் திறக்கலையா? நாளைக்கு ஜனம் வருமே.”

“பானை வெச்சிருக்கேங்க்கா.”

அவர் மூடியைப் பார்த்தார். வாசனை பிடித்தார். வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பார்.

“அப்ப அது ஆகட்டும்,” என்று சொல்லி, வாசற்படியில் உட்கார்ந்தார். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கோரிமேட்டுப் பெஞ்சிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாராவது என்னிடம் எதையாவது கேட்டால் வலது கை ஜோபிக்குள் போய்விடும். கடையில் கிண்டல் பண்ணுவார்கள். இன்று அந்தக் கை வெளியே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுத முடிந்தது. இப்போது பேனாவைக் கீழே வைக்க வேண்டும். நேரம் ஆகிவிட்டது. மூடியை நேராகத் தூக்க இரண்டு கையும் வேண்டும். மிட்டாய் தட்டில் இறுகியதும் வீட்டைத் திறப்பேன்.

முதலியார்பேட்டை, 19 டிசம்பர் 2008, வெள்ளிக்கிழமை.